பாட்டில் உயிர் உடலை நீங்குதல்

உயிரானது உடலை விட்டு நீங்கி நின்று தன் உடலைத் தானே காண்பதாகவும், வானில் உலாவி வருவதாகவும், வேறோர் உடலிற் புகுந்து பேசுவதாகவும் பாடுதல் பல நாட்டு இலக்கியங்களுக்கும் பொதுவான மரபாகும். தமிழில் இப்பொருள் காப்பியத்திலும் திருமுறையிலும் நாட்டுப் பாடலிலும் பயின்று வந்துள்ளது. மேனாட்டில் 1960களில் வளர்ச்சியுற்ற றொக் இசைப் பாடல்களும் இதனைப் பெரிதும் எடுத்தாளுகின்றன. முன்னையது நம் கோயில் முன்றிலிலே கேட்பது. பின்னையது இன்று கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பிள்ளைகள் கைத்தொலைபேசியிலே கேட்பது. இரண்டையும் ஒருங்கே கேட்டு வளரும் மாணவன், இவை ஒன்றையே கூறுகின்றன என்று எண்ணுதல் இயல்பு. அவ்வெண்ணம் எவ்வளவிற் பொருந்தும், எவ்விடத்தில் வழுவும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு என்னைத் தூண்டியது ஒரு மாணவரின் வினா. உயர்தர வகுப்பிற் பயிலும் அவர், ஆங்கிலப் பாடல் ஒன்றின் அடிகளை அப்பியாசக் கொப்பியில் அழகாக எழுதிக்கொண்டு வந்து, "சேர், இது திருமூலர் கூடுவிட்டுக் கூடு பாஞ்ச கதைதானே?" என்று கேட்டார். நானும் சிறிதும் சிந்தியாது, "ஓம், அதேதான்" என்றேன். மேனாட்டார் இன்று பாடுவதை நம்மவர் அன்றே பாடிவிட்டனர் என்னும் பெருமிதமே என்னை அவ்வாறு சொல்ல வைத்தது. அவரோ, "அப்பிடியெண்டால் உடம்பு ஒரு பெரிய விஷயமில்லை. அப்பாவுக்கும் இதைச் சொல்லலாம்" என்றார். அவருடைய தந்தையார் போரில் ஒரு காலை இழந்தவர். என் விடையில் இருந்த பொறுப்பின்மை அக்கணமே எனக்குப் புலனாயிற்று. பாட்டுக்குப் பொருள் கூறுதல் வகுப்பறையோடு முடிந்துவிடும் செயலன்று; அது வீட்டுக்குப் போகின்றது; நோயுற்றவர் படுக்கையருகிலும் சென்று நிற்கின்றது.

அங்ஙனமாயின் இத்தகைய பாடல்களை எம்முறையில் நோக்குதல் தகும்? இதற்குப் புதிய அளவுகோலைத் தேடி அலைய வேண்டியதில்லை. தொல்காப்பியச் செய்யுளியல் ஒரு செய்யுளுக்கு உறுப்பாக அமைவன 34 எனத் தொகுத்துக் கூறுகின்றது. எழுத்து, அசை, சீர் முதலாய புற உறுப்புக்களோடு, பாட்டின் பொருளை உணர்தற்குரிய அக உறுப்புக்களும் அவற்றுள் அடங்கும். அவற்றுள் மூன்று ஈண்டு நமக்கு வேண்டுவன: பேசுபவர் யார் என்பதைக் காட்டும் கூற்று, பேச்சு நிகழும் இடத்தையும் சூழலையும் காட்டும் களன், அப்பேச்சால் விளைவது யாது என்பதைக் காட்டும் பயன். பழைய உரையாசிரியர்கள் ஓர் அகப்பாட்டுக்கு உரை கூறப் புகும்போது, இது தலைவி கூற்று, இது தோழி கூற்று என முதலில் வரையறுத்துக்கொண்டே மேற்செல்வர். அவ்வரையறை பிழைத்தால் உரை முழுவதும் பிழைக்கும். அகப்பாட்டுக்கு உண்மையாகிய இது றொக் பாடலுக்கும் உண்மையே.

கூற்று

முதலிற் கூற்றை நோக்குவாம். பாட்டில் "நான்" எனப் பேசுபவர் பாடுபவரே என்று கொள்ளுதல் பலரும் செய்யும் முதற் பிழை. பிங்க் புளோயிட் என்னும் ஆங்கில இசைக்குழு 1979இல் வெளியிட்ட "த வோல்" என்னும் இசைத்தொகுதியில் "கம்பர்ற்றப்ளி நம்" என்றொரு பாடல் உண்டு. "இதமான மரப்பு" என அத்தலைப்பைத் தமிழ்ப்படுத்தலாம். உடல் உணர்விழக்க, மனம் எங்கோ தொலைவில் மிதப்பதை அது கூறுகின்றது. இதனைத் தியானத்தால் விளைந்த விடுதலை எனக் கொள்வாரும் உளர். ஆனால் அப்பாட்டிலே கேட்பன இரு குரல்கள். ஒன்று வைத்தியருடையது, மற்றையது பிங்க் என்னும் கற்பனைப் பாடகனுடையது. நோயுற்றுச் சோர்ந்து கிடக்கும் பாடகனை ஊசி மருந்தால் எழுப்பி மேடைக்கு அனுப்புதலே வைத்தியரின் கருத்து. ஆகவே மிதப்பது ஞானியின் உயிரன்று. மருந்தேற்றப்பட்ட ஒரு நோயாளியின் உணர்வு. இரு குரலையும் ஒரு குரலாக்கிக் கேட்டால் இவ்வேறுபாடு மறைந்துபோம்.

கூற்றைப் பிரித்தறியும் இக்கலை நம்மவர்க்குப் புதிதன்று. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்குச் சென்றவர்கள் அதனை நன்கறிவர். நந்திக்கடலை அண்டியுள்ள அக்கோயிலிலே, கடல் நீர் கொண்டு விளக்கெரிக்கும் மரபு இன்றும் போற்றப்படுகின்றது. ஆங்கே கலை வந்து ஆடும் பெண்ணொருத்தி பேசத் தொடங்கினால், சூழ நிற்போர் அவளைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. "தாயே" என்றே விளிப்பர். பேசும் வாய் அவளுடையதாயினும் பேச்சு அவளுடையதன்று என்னும் தெளிவு அவர்களிடம் உண்டு. ஆட்டம் ஓய்ந்து தண்ணீர் தெளித்தபின், அதே மாதர் அவளை "பிள்ளை, எழும்பு" என்பர். எழுத்தறியாத முதியவரும் கூற்று மாறியதை அக்கணமே உணர்கின்றனர்.

இம்மரபின் வேர் சிலப்பதிகாரத்திலேயே உள்ளது. வஞ்சிக் காண்டத்து வரந்தரு காதையிலே, கண்ணகியின் தோழி தேவந்திமேல் தெய்வம் ஏறுகின்றது. அதன் ஏவலின்படி மாடலன் கரக நீரை மூன்று சிறுமியர்மேல் தெளிக்கின்றான். அவர்களுள் இருவர் அரட்டன் செட்டியின் இரட்டைப் பெண்கள். ஒருத்தி சேடக்குடும்பியின் மகள். நீர் பட்டதும் அச்சிறுமியர் தம் மழலை நீங்கி, கண்ணகியைப் பெற்ற தாயாகவும், கோவலனைப் பெற்ற தாயாகவும், மதுரைப் புறஞ்சேரியில் அவர்களுக்கு அடைக்கலம் அளித்த ஆயர்குல மாதரியாகவும் நின்று புலம்புகின்றனர். செங்குட்டுவன் வியந்து நோக்க, யார் யாராக நின்று அழுதனர் என்பதை மாடலன் எடுத்து விளக்குகின்றான். பிறிதோர் உயிரின் குரல் ஓர் உடலில் ஒலிப்பதைக் காட்டிய இளங்கோவடிகள், அக்குரல் யாருடையது என்பதை விளக்கும் ஒருவனையும் அருகிலே நிறுத்தியிருத்தல் கருதத்தக்கது. அற்புதம் நிகழும் இடத்திலும் ஐயமறப் பொருள் கூறுவார் ஒருவர் வேண்டும் என்பது இதனாற் பெறப்படுகின்றது.

களன்

அடுத்து நோக்கற்பாலது களன். ஒரே சொல் எங்கு, எச்சூழலில் தோன்றிற்று என்பதைக் கொண்டு அதன் பொருள் வேறுபடும். பேர்ட்ஸ் என்னும் அமெரிக்க இசைக்குழு 1966இல் "எயிற் மைல்ஸ் ஹை", அதாவது "எட்டு மைல் உயரத்தில்", என்னும் பாடலை வெளியிட்டது. உயரத்தே மிதத்தலைக் கூறும் அப்பாடல் போதைப்பொருளைப் போற்றுகின்றது எனக் கருதி, அமெரிக்க வானொலி நிலையங்கள் பல அதனை ஒலிபரப்பாது விலக்கின. பாட்டை இயற்றியோரோ, 1965இல் தாம் இலண்டனுக்கு மேற்கொண்ட விமானப் பயணமே அதன் பொருள் என்றனர். விமானம் பறந்த உயரம் எட்டு மைலிலும் குறைவு. ஓசை நயம் கருதியே எட்டு என்றனராம். அவர்களுட் சிலர் பின்னாளில், போதையின் சாயலும் அதில் இல்லாமற் போகவில்லை என ஒப்புக்கொண்டனர். மேலே பறக்கும் சொல் யாவும் ஆன்மாவைக் குறிப்பதில்லை. சிலபோது அது விமானச் சீட்டையும் குறிக்கும். லெட் செப்பெலின் குழுவினர் 1975இல் வெளியிட்ட "காஷ்மீர்" என்னும் பாடலும் இத்தகையதே. காஷ்மீரத்துத் தவமுனிவரை நினைந்து அதனைக் கேட்போர் பலர். அதன் சொற்கள் பிறந்ததோ மொறொக்கோ நாட்டுப் பாலைநிலச் சாலையில் என்பது அதனை இயற்றியவரே கூறியதாகும்.

மேலே குறித்த பிங்க் புளோயிட் பாடலின் களனும் அறியப்பட்டதே. அக்குழுவைச் சேர்ந்த றொஜர் வோட்டர்ஸ், 1977இல் பிலடெல்பியா நகர நிகழ்ச்சிக்கு முன் வயிற்று நோவினால் வருந்த, வைத்தியர் ஊசி ஏற்றினார். கைகள் மரத்த நிலையில் மேடையில் நின்ற அந்த இரவே பாட்டுக்கு வித்தாயிற்று.

எல்லாவற்றினும் ஆழ்ந்து நோக்கத்தக்கது பீற்றில்ஸ் குழுவினரின் "ருமொறோ நெவர் நோஸ்" என்னும் பாடலாகும். 1966இல் வெளிவந்த "றிவோல்வர்" இசைத்தொகுதியின் இறுதிப் பாடல் அது. தம்புராவின் சுருதி இடையறாது ஒலிக்க, பெரும்பாலும் ஒரே சுரத்தளத்தில் நிலைகொண்டு செல்வது. மலையுச்சியிலிருந்து தலாய் லாமா ஓதுவதுபோல் தம் குரல் ஒலிக்க வேண்டும் என ஜோன் லெனன் விரும்பினார். அதன் கருத்துக்களை அவர் எடுத்தது 1964இல் திமொத்தி லியறி, றால்ப் மெற்ஸ்னர், றிச்சட் அல்பேட் ஆகியோர் எழுதிய நூலொன்றிலிருந்து. அவர்கள் எடுத்ததோ, 1927இல் ஆங்கிலத்தில் வெளிவந்த திபெத்திய மரண நூலிலிருந்து.

இம்மூன்று படிகளிலும் களன் மாறியவாற்றைக் காண்க. திபெத்திலே அந்நூல் ஓதப்படுவது, இறக்கும் தறுவாயில் உள்ளவர் அல்லது இறந்தவரின் செவியருகே. உயிர் அடுத்த பிறவியை எய்துமுன் கடக்கும் நிலைகள் 49 நாள் வரை நீளும் என்பது அவர்தம் கொள்கை. அந்நாட்களில் உயிர் அஞ்சாதிருக்க ஆசிரியர் வழிகாட்டுகின்றார். ஆகவே அது பிரிந்து செல்லும் உயிர்க்கு நிற்போர் செய்யும் கடமை. அமெரிக்காவில் அதே நூல், எல்.எஸ்.டி. என்னும் போதை மருந்தை உட்கொள்வோர்க்கு வழிகாட்டியாக மாற்றப்பட்டது. பாட்டிலோ, அது இசைத்தட்டைக் கேட்கும் எவருக்கும் உரியதாயிற்று. சொற்கள் பெரும்பாலும் நின்றன. மரணப் படுக்கை மறைந்தது. வழிகாட்டும் குருவும் மறைந்தார். அப்பாடலின் இசைச் சிறப்பை மறுப்பார் இலர். ஆயினும் மூல நூலின் கனம் அதில் இல்லாமைக்குக் காரணம் களன் மாறியமையே. இதனை அவர்களே ஒருவாறு உணர்ந்தனர் போலும். 1967 ஓகஸ்டில் மகரிஷி மகேஷ் யோகியைச் சந்தித்த அக்குழுவினர் போதை மருந்தைக் கைவிட்டதாக அறிவித்து, 1968 பெப்ரவரியில் தியானம் பயில ரிஷிகேசம் சென்றனர். நூலாசிரியருள் ஒருவராகிய அல்பேட்டும் 1967இல் இந்தியா வந்து, நீம் கரோலி பாபாவை அடைந்து, ராம் தாஸ் என்னும் பெயர் பூண்டார்.

சித்தாந்தமும் இன்றைய மருத்துவமும்

உடல் நீங்கிய அநுபவம் உண்மையா என மாணவர் கேட்பர். இதற்குச் சைவ சித்தாந்தம் கூறும் விடை நுட்பமானது. 13ஆம் நூற்றாண்டினராகிய மெய்கண்ட தேவர், சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தில் உயிர் உடலின் வேறு என்பதை நிறுவுகின்றார். அவர் காட்டும் காரணங்களுள் ஒன்று, நாம் அன்றாடம் பேசும் பேச்சாகும். என் வீடு என்பவன் வீடு ஆகான். அவ்வாறே என் உடல் என்பவனும் உடல் ஆகான். உறக்கத்தில் மூச்சு ஓடினாலும் நுகர்ச்சியும் செயலும் இல்லாமை கொண்டு, மூச்சும் உயிரன்று என்பதை அவர் காட்டுகின்றார். இங்ஙனம் வேறுபாட்டை வற்புறுத்திய அவரே, உயிர் உடலினுள் நின்றே அறியும் என்பதையும் உடன் கூறுகின்றார். வேறு என்றல் ஒன்று. வேண்டாதது என்றல் மற்றொன்று. இவ்விரண்டையும் மயக்கியதே மாணவர்க்கு நான் அளித்த முதல் விடையின் குற்றம்.

உயிரின் ஐவகை அவத்தைகளைச் சித்தாந்த நூல்கள் விரித்துரைக்கும். நனவாகிய சாக்கிரத்தில் உயிர் புருவ நடுவில் நின்று 35 கருவிகளோடு தொழிற்படும். கனவாகிய சொப்பனத்தில் அது கண்டத்தை அடைய, கருவிகள் 25 ஆகும். சுழுத்தியில் இதயத்தை அடைந்து மூன்றோடும், துரியத்தில் நாபியை அடைந்து இரண்டோடும் நிற்கும். துரியாதீதத்தில் மூலாதாரத்திலே தான் மட்டும் நிற்கும். இக்கீழாலவத்தையில் உயிர் செல்லும் திசையை நோக்குக. அது மேலே பறக்கவுமில்லை, வெளியே போகவுமில்லை, உடலினுள்ளே கீழ் நோக்கி ஒடுங்குகின்றது. கனவிற் காணும் வானும் கடலும், புறப்பொறிகள் ஓய்ந்தபின் அகக் கருவிகள் காட்டும் காட்சிகளே. ஊசி மருந்தால் மிதந்தவன் நிலையையும் சித்தாந்தி இவ்வரிசையில் வைத்தே எண்ணுவான். வீடுபேறு என்று மயங்கான்.

இன்றைய மருத்துவமும் இதற்கு மாறன்று. சுவிற்சர்லாந்தில் ஒலாவ் பிளாங்க் என்னும் மருத்துவ அறிஞரும் அவர்தம் துணைவரும், வலிப்பு நோயுற்ற ஒரு பெண்ணின் மூளையை ஆராய்ந்தபோது நேர்ந்ததை 2002இல் வெளியிட்டனர். வலப்புற மூளையின் ஒரு சிறு பகுதியில் மெல்லிய மின்னோட்டம் செலுத்தியதும், அப்பெண் தான் கட்டிலுக்கு மேலே மிதந்து, கீழே கிடக்கும் தன் உடலைக் காண்பதாகக் கூறினார். மின்னோட்டத்தை மாற்றியபோது அநுபவமும் மாறிற்று. கண், செவி, தசை ஆகியவற்றிலிருந்து வரும் செய்திகளை ஒருங்கு சேர்த்து, "இது என் உடல், நான் இங்கிருக்கின்றேன்" என்னும் உணர்வை அமைக்கும் தொழில் அப்பகுதிக்கு உண்டு. அத்தொழில் தடைப்பட்டால் உணர்வு இடம் பெயர்கின்றது. இதனால் உயிர் இல்லை என்பதோ, உண்டு என்பதோ பெறப்படாது. அநுபவம் மெய், அதற்கு நாம் கூறும் பொருளே ஆராய்ச்சிக்குரியது என்பதே பெறப்படும்.

பயன்

மூன்றாவதாகிய பயனே யாவற்றினும் தலையாயது. திருமூலர் வரலாற்றை இந்நோக்கில் மீள எண்ணுவாம். சேக்கிழார் பெரியபுராணத்தில் கூறியவாறு, கயிலையிலிருந்து அகத்தியரைக் காணப் பொதியமலை நோக்கி வந்த யோகியார், திருவாவடுதுறையை அடுத்த சாத்தனூரில், மேய்ப்பனாகிய மூலன் இறந்து கிடக்கப் பசுக்கள் சூழ்ந்து கதறுவதைக் கண்டார். அவற்றின் துயர் தீர்க்கவே தம் உடலை ஓரிடத்து மறைவாக வைத்து மூலனுடலிற் புகுந்தார். பசுக்களை ஊருக்கு ஓட்டிச் சென்று சேர்த்தார். மீண்டு வந்து தேடியபோது அவருடைய முன்னை உடல் அங்கில்லை. இறைவன் அதனை மறைத்தருளினான். மேய்ப்பன் உடலிலேயே இருந்து மூவாயிரம் பாடல்களாகிய திருமந்திரத்தை அருளினார்.

உடலை விட்டு நீங்கும் ஆற்றல் பெற்ற ஒருவர், உயர்ந்த உலகொன்றுக்குச் செல்ல அதனைப் பயன்படுத்தவில்லை. தாழ்ந்ததாக உலகம் கருதும் ஓர் உடலினுள் இறங்கவே பயன்படுத்தினார். அதற்குக் காரணம் வாயற்ற உயிர்களின் அழுகை. மேலும், எவ்வுடலினும் நிற்க வல்ல அவரே, தாம் முன்னர் உடலைக் குறையுடையதாக எண்ணியிருந்து, இறைவன் உறையும் இடம் அதுவே எனக் கண்டபின் அதனைப் பேணலானதாகத் திருமந்திரத்திற் கூறுகின்றார். அந்நூலின் மூன்றாம் தந்திரம் உடலைக் காக்கும் வழிகளைப் பலபடக் கூறுகின்றது. ஆகவே திருமூலர் கதையைக் கொண்டு உடம்பு பெரிதன்று என முடிவு செய்தல், அக்கதையைத் தலைகீழாகப் படிப்பதாகும்.

றொக் பாடல்களுள்ளும் உடலின் அருமையை உணர்த்துவன உண்டு. அமெரிக்கக் குழுவாகிய மெற்றாலிக்கா 1988இல் வெளியிட்ட "வண்" என்னும் பாடல், டால்ற்றன் றம்போ 1939இல் எழுதிய நாவலைத் தழுவியது. முதலாம் உலகப் போரில் எறிகணையால் கைகால்களையும் கண், செவி, வாயையும் இழந்த ஒரு போர்வீரன், மனம் மாத்திரம் விழித்திருக்க மருத்துவமனைக் கட்டிலிற் கிடக்கின்றான். புறவுலகோடு பேசுதற்கு அவனுக்கு வழியில்லை. மெதுவாகத் தொடங்கும் இசை, இறுதியில் இயந்திரத் துப்பாக்கியின் வேகத்தை எய்துகின்றது. அவன் மரணத்தை வேண்டுகின்றான் எனினும், பாட்டு மரணத்தைப் போற்றவில்லை. ஒரு மனிதனை அந்நிலைக்கு ஆளாக்கிய போரையே குற்றஞ்சாட்டுகின்றது. உடல் நீங்கிய உயிரின் இன்பத்தை அன்றி, உடலை இழந்த உயிரின் தனிமையை அது பாடுகின்றது. வன்னியில் இப்பாடலுக்கு உரை எழுத வேண்டியதில்லை. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலிலும் நந்திக்கடற் கரையிலும் போர் முடிவுற்றபோது மீண்டவர் பலர் அதன் பொருளைத் தம் உடலிலேயே தாங்கி நிற்கின்றனர்.

காலை இழந்தோர், இல்லாத பாதம் இரவில் நோகின்றது என்று கூறக் கேட்டிருக்கின்றோம். இது பொய்யுமன்று, பேதைமையுமன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரிற் காயமுற்றோருக்குச் சிகிச்சையளித்த சைலஸ் வெயர் மிற்செல் என்னும் மருத்துவர் 1871இலேயே இதற்கு மாய உறுப்பு எனப் பொருள்படும் பெயரை இட்டார். தமிழ்நாட்டிற் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். இராமச்சந்திரன், 1990களில் எளிய கண்ணாடியொன்றைக் கொண்டு இந்நோவைத் தணிக்க முயன்றார். எஞ்சிய உறுப்பின் நிழலைக் கண்ணாடியிற் காணும்போது, இழந்த உறுப்பும் அசைவதாக உணர்ந்து சிலர் ஆறுதல் பெற்றனர். இதனைக் கொண்டு சூக்கும சரீரத்தை நிறுவிவிட்டோம் எனல் மிகையாகும். உடல் போயினும் உயிர் அதனை எளிதில் விட்டுவிடுவதில்லை என்பது மாத்திரம் தெளிவு.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். வன்னியில் ஒப்பாரி வளம் மிக்கது. யானையை அடக்கிய வீரப்பெண்ணாகிய அரியாத்தை மேற் பாடப்பெற்ற ஒப்பாரி இன்றும் பேசப்படுகின்றது. ஒப்பாரி, முன்னே கிடக்கும் உடலை நோக்கிப் பிரிந்த உயிரோடு பேசுவது. உடல் இல்லாவிடத்து அதற்குக் களன் இல்லை. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடர் போராட்டத்தில் அமர்ந்தனர். அவர்கள் கையில் இருந்தவை புகைப்படங்கள். உயிர் பிரிந்தது என்னும் சொல்லை ஏற்க அவர்கள் இசையவில்லை. ஏற்றற்குரிய சான்றும் அவர்களுக்குக் காட்டப்படவில்லை. உடல் வேறு, உயிர் வேறு என்று அவர்கள் முன் சென்று தத்துவம் பேசுதல் எளிது. ஆனால் அவ்வுரையாற் பயன் யாது? மெய்கண்டார் சொன்ன மெய்யேயாயினும், களன் அறியாது சொல்லப்படின் அது கொடுமையாகும்.

இதுகாறும் கூறியவற்றால், உயிர் உடலை நீங்குதலைப் பாடும் பாடல்கள் யாவும் ஒரு தன்மையன அல்ல என்பது விளங்கும். பேசும் "நான்" யார் என்று காண வேண்டும். அச்சொல் கோயிலிற் பிறந்ததா, மரணப் படுக்கையிற் பிறந்ததா, விமானத்திற் பிறந்ததா, ஊசி முனையிற் பிறந்ததா என்று தேற வேண்டும். நீங்கிய உயிர் பின்னர் யாருடைய துயரை நோக்கித் திரும்பிற்று என்று கேட்க வேண்டும். மேனாட்டுப் பாடல் என்பதால் இகழ்தலும், நம்முடையதுபோல் இருக்கின்றது என்பதால் வியத்தலும் ஆராய்ச்சி ஆகா. போதையும் ஞானமும் ஒரே உவமைகளைக் கையாளும் இக்காலத்தில், இவ்வேறுபாட்டை மாணவர்க்கு உணர்த்துதல் ஆசிரியர் கடனாகும்.

அம்மாணவரை மறுநாள் அழைத்து, முன்னே நான் சொன்னது பிழை என்று ஒப்புக்கொண்டேன். திருமூலர் கதையை முதலிலிருந்து இறுதிவரை, பசுக்களின் அழுகையையும் காணாமற்போன உடலையும் விடாது, எடுத்துக் கூறினேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்து, "அப்ப நான் அப்பாவிட்ட என்னத்தைச் சொல்லுறது சேர்?" என்றார். ஒன்றும் சொல்ல வேண்டாம், அந்தக் கால் இப்போதும் எந்த இடத்தில் நோகின்றது என்று மாத்திரம் கேளும் என்றேன். கேட்டாராம். பெருவிரல் என்று தந்தையார் விடை பகர்ந்தாராம். அன்றிரவு இருவரும் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தனராம்.